இருபது மில்லிமீட்டர்

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு மாத இதழின் உதவி ஆசிரியர் போன் செய்தார். "மேடம், பொழுதுபோக்குப் பக்கத்துக்கு ஒண்ணு வேணும். குறைந்த செலவில் நாணயம் சேர்க்கலாம்னு தலைப்பு. ஆறு குறிப்பு, அறுநூறு வார்த்தை. உங்க வீட்டுக்காரர் காசு சேர்க்கிறார்னு ஒரு தடவை சொன்னீங்களே?" என்றார். சேர்த்தார் என்று அங்கேயே திருத்தியிருக்க வேண்டும். பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. அடுத்தவர் வாக்கியங்களில் இறந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் சரிபார்த்துக் கூலி வாங்குகிறவள். ஆனால் அன்றைக்கு "சரிங்க" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

மூன்று குறிப்பு எழுதினேன். நான்காவதில் கை நின்றுவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அதுதான் நடந்தது. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது பூதத்தை. கிணறு இன்னும் வெட்டி முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சதுர அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம், இதை எழுதும்போது பக்கத்து அறையிலிருந்து எனக்குக் கேட்கும் சத்தம். யாருடைய சத்தம் என்பதைக் கதை முடிவதற்குள் சொல்லிவிடுவேன். உங்களுக்கு வேண்டாமென்றால் தாண்டிப் போகலாம். என்னால் தாண்ட முடியாது.

[தகர டப்பாவைக் குலுக்கும் சத்தம். நல்லது.]

2

இதழுக்கு எழுதியவை, எழுதியபடியே:

குறிப்பு ஒன்று. காசு கொடுத்துக் காசு வாங்காதீர்கள், குறைந்தது முதல் வருடமாவது. கைக்கு வரும் சில்லறையைச் செலவழிப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். ஒரே ஒரு காசைத் தேர்ந்தெடுத்து, அது எந்தெந்த வருடங்களில் அச்சானதோ அத்தனையையும் தேடுங்கள். வருடத்துக்கு ஒன்று. முகமதிப்புக்கு மேல் சல்லிக்காசு செலவில்லை.

குறிப்பு இரண்டு. கழுவாதீர்கள். பல்பொடி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், சோப்பும் வேண்டாம். காசின் மேல் படிந்திருக்கும் கறுப்புதான் அதன் வயது. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசை விவரம் தெரிந்தவர்கள் கையால் தொடமாட்டார்கள்.

குறிப்பு மூன்று. காசை எப்போதும் ஓரத்தில் பிடியுங்கள். முகத்தில் விரல் படக்கூடாது. பிடிப்பதோடு விடாமல் ஓரத்தைப் படிக்கவும் பழகுங்கள். கள்ளக்காசு செய்கிறவர்கள் பூவையும் தலையையும் அச்சு அசலாகச் செய்துவிடுவார்கள். ஓரத்தில்தான் கோட்டைவிடுவார்கள். முகம் ஏமாற்றும், ஓரம் ஏமாற்றாது.

குறிப்பு நான்கு. நல்ல காசையும் கள்ளக்காசையும் பிரித்தறிய, விலை குறைந்த சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று

(இங்கே நிற்கிறது. முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை. வைத்தால் வாக்கியம் முடிந்துவிடும், பிறகு அதற்கு நான் பொறுப்பு.)

3

கட்டுரை ஓடவில்லை என்றதும் கதையாக எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். தொடக்கங்கள் வந்தன.

தொடக்கம் அ: அந்த வீட்டில் செல்லாக்காசுக்குத்தான் மரியாதை.

தொடக்கம் ஆ: லிஃப்டுக்குக் கீழே ஒரு குழி இருக்கிறது என்பது அதில் தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்குத் தெரியாது.

தொடக்கம் இ: மழை வரும் என்று சொன்னவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் போய்விட்ட பிறகு அவள் மட்டும்

(மூன்றாவது இந்தக் கதையே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதத் தொடங்கிய வேறொரு கதையின் முதல் வரி. இதை அடிக்கவும் மாட்டேன், முடிக்கவும் மாட்டேன். இப்போதைக்கு இருக்கட்டும்.)

ஆ-வில் தொடங்குகிறேன். லிஃப்டுக்குக் கீழே ஒரு குழி இருக்கிறது. லிஃப்டின் தரைக்கும் மாடியின் தரைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு உண்டு. அதில் விழுவதெல்லாம் அந்தக் குழிக்குப் போகும். சாவி, தோடு, சட்டைப் பொத்தான், காசு. இந்தக் கதையில் வரும் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டடத்திலும் குழிக்குள் இறங்கித் துப்புரவு செய்ய வேண்டும். சாவியையும் தோட்டையும் காவலாளியிடம் கொடுத்துவிடுவார். காசைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். "குழியில விழுந்த காசா? நீங்களே வெச்சுக்கங்க" என்று காவலாளிகள் சிரிப்பார்கள். நாற்பது வருடக் கட்டடம் என்றால் கிரீசும் தூசியும் பூசிக்கொண்டு நாற்பது வருடத்துக் காசு கீழே கிடக்கும். அவருடைய சேகரிப்பு அப்படித்தான் தொடங்கியது. இதைவிடக் குறைந்த செலவில் யாராவது தொடங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

விசிட்டிங் கார்டு செருகும் மலிவான ஆல்பம்தான் அவருடைய பெட்டகம். ஒவ்வொரு காசுக்கும் ஓர் அட்டைச் சதுரம். அதில் வருடம், கிடைத்த கட்டடம், எந்தப் பக்க லிஃப்டின் குழி என்பதுவரை எழுதிவைப்பார். ஒரே வருடத்தில் இரண்டு கிடைத்தால் இரண்டாவது பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். மனைவி கிண்டல் செய்வாள்.

"செல்லாக்காசையெல்லாம் இப்படித் தாங்குறீங்களே?"

"செல்லாததாலதான் நம்மகிட்ட தங்குது. செல்லுற காசு எது நின்னிருக்கு நம்ம வீட்டுல?"

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும்? பழைய பனியனைக் கிழித்துக் காசு துடைக்கத் துணி கொடுத்தாள். அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை, இரண்டே முக்கால் வயது. அப்பா அவளைச் "சில்லறை" என்றுதான் கூப்பிடுவார். வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நின்று, "எங்கே என் சில்லறை? யார்கிட்டயாவது சில்லறை இருக்கா?" என்று சத்தம் போடுவார். குழந்தை எங்கிருந்தாலும் ஓடி வந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொள்ளும்.

[டப்பா குலுங்குகிறது. இந்தத் தடவை சுவரில் தட்டுகிறது.]

4

மனைவி என்கிற கதாபாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை.

முதல் பிரதியில் அவளைக் கடைக்கு அனுப்பினேன். சம்பவம் நடக்கும்போது அவள் வீட்டிலேயே இல்லை. திரும்பி வந்து பையைக் கீழே போட்டுவிட்டு அலறினாள். படித்துப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. கிழித்துப் போட்டேன். இரண்டாம் பிரதியில் அவளுக்குத் தலைவலி கொடுத்துத் தூங்கவைத்தேன். மூன்றாவதில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டாள். மூன்றிலும் அவள் நல்ல அம்மா. மூன்றிலும் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நாலு பேரிடம் படிக்கக் கொடுத்தால் நாலு பேரும் பாவம் என்பார்கள்.

(அவள் வீட்டில்தான் இருந்தாள். விழித்துக்கொண்டுதான் இருந்தாள். எட்டடி தூரத்தில் மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.)

சரி. இனி வரும் இடங்களில் "அவள்" என்பதை "நான்" என்று திருத்திக்கொள்கிறேன். தினமும் செய்கிற வேலைதான்.

5

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து, அதன் மேல் பதினோரு காசுகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக என் வீட்டுக்காரர் எடைபோட்டுக்கொண்டிருந்தார். தராசில் எண்கள் மங்கின. பின்பக்க மூடியைத் திறந்து பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். வட்டமான, தட்டையான, வெள்ளி நிறப் பேட்டரி. நீங்களும் பார்த்திருப்பீர்கள், கார் சாவியில் இருக்கும், பாடும் வாழ்த்து அட்டையில்கூட இருக்கும்.

வட்டமாக, பளபளவென்று இருக்கும் எதையும் குப்பையில் போட அவர் கை பழகவில்லை. பத்து வருடமாகக் குழியிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி அந்தக் கைக்கு ஒரு புத்தி வந்துவிட்டது. பழைய பேட்டரியைப் பிஸ்கட் டப்பாவில் போட்டது. அவர் போடவில்லை, கை போட்டது. கேட்டால் இன்றைக்கும் போட்ட ஞாபகமே இல்லை என்பார். காசு சேர்க்கிற ஆளைத் தவிர வேறு யாரும் செய்யாத தப்பு இது.

அடுத்த காசை எடுத்து எடைபோட்டார். அது சின்ன வெள்ளைக் காசு. எடை பார்த்துக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. பக்கத்துத் தெருக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஓர் ஆள். பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனார். "உள்ள இருக்கறவர பயப்படாதீங்கன்னு சொல்லுங்க. மூச்சு முட்டாது, இடுக்கு வழியா காத்து வரும். கதவ மட்டும் யாரும் நெம்பாதீங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. சாதாரணமான குரல்தான்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். மழை வரும் என்று சொன்னவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் போய்விட்ட பிறகு அவள் மட்டும். பல நாளுக்குப் பிறகு ஒரு நல்ல முதல் வரி வந்துகொண்டிருந்தது. வாலைப் பிடித்துவிட்டேன், இழுத்தால் வந்துவிடும்.

"அம்மா."

"இரு கண்ணு."

"அம்மா."

"இருடா. இந்த ஒரு வரியை முடிச்சுட்டு வரேன்."

மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை. அதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். குழந்தை கூப்பிடுவதை நிறுத்தினால் நிம்மதி என்று நினைக்கிற அளவுக்கு நான் எழுத்தாளராக இருந்தேன். தலையைத் தூக்கியபோது சுவர்க்கடிகாரத்தில் மூன்று பத்து. அவள் என் அறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். தாடையெல்லாம் எச்சில், கை கழுத்தில். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

(உதவி ஆசிரியருக்கு: அடிக்குறிப்பு போட இடம் இருந்தால் இங்கே போடவும். ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று பிறகு நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நாற்பது விநாடி. ஒன்றரை நிமிடமாகவும் இருக்கலாம். தெரியாது.)

6

சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி. தரையில் டப்பா கவிழ்ந்து, காசுகள் சிதறிக் கிடந்தன. "என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் ஓடிவந்தார். துணியின் மேல் இருந்த காசுகளை ஒரே பார்வையில் எண்ணினார். பத்து.

"அந்தச் சின்ன வெள்ளக் காசு இல்ல" என்றார்.

வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தோம். முதுகில் தட்டினோம். மூச்சு வந்துகொண்டிருந்தது. ஆட்டோவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் சொன்ன சமாதானமெல்லாம் எனக்கே: காசுதானே, ஊரில் எத்தனை குழந்தை முழுங்கியிருக்கிறது, தானாக வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மூன்று ஐம்பத்தைந்து.

(இங்கே டூட்டி டாக்டரை மோசமானவராக எழுதினால் எனக்கு வசதி. எழுதியும் பார்த்தேன், போனில் சிரித்துப் பேசிக்கொண்டு, எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காத ஒரு பெண்ணாக. பொய். அவர் வேகமாகத்தான் வந்தார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுத்தான் பேசினார்.)

"என்ன முழுங்கினா?"

"காசு" என்றோம் இருவரும் ஒரே குரலில்.

படம் எடுக்கும்போது குழந்தை துடித்தாள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாலு இருபதுக்குப் படம் வந்தது. நெஞ்சுக்கூட்டின் மேலே, கழுத்துக்குச் சற்றுக் கீழே, வெள்ளையாக ஒரு வட்டம்.

"உணவுக்குழாய்லதான் இருக்கு, மூச்சுக்குழாய்ல இல்ல" என்றார் டாக்டர். "எவ்வளவு பெரிய காசு?"

வேறு அப்பாவாக இருந்தால் விரலை வளைத்து இவ்வளவு என்று காட்டியிருப்பார். என் வீட்டுக்காரர் சொன்னார்: "விட்டம் இருபது மில்லிமீட்டர் டாக்டர். எடை மூணு கிராமுக்குப் பிசிறு கம்மி. துருப்பிடிக்காத எஃகு. ஓரத்துல வரி கிடையாது, வழவழன்னு இருக்கும். எங்கயும் குத்தாது."

டாக்டர் சிரித்துவிட்டார். "நீங்க காசு அடிக்கற எடத்துல வேல பாக்கறீங்களா?" படத்தின் மேல் அளவுகோலை வைத்தார். "அட, கரெக்டா இருபதுதான்."

அந்த இருபதில்தான் எல்லாரும் நம்பிவிட்டோம். அவர் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாமல் இருந்திருந்தால் டாக்டர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பார். "வீட்டுல வேற என்ன இருந்துச்சு?" என்று கேட்டிருப்பார். விவரம் தெரிந்தவர் பேசும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

"சில சமயம் தானா இறங்கிடும். ரெண்டு மணி நேரம் பாப்போம், அப்பறம் இன்னொரு படம் எடுத்துட்டு முடிவு பண்ணலாம். வாய்க்கு ஒண்ணும் குடுக்காதீங்க."

[சத்தம் இல்லை.]

[இருக்கிறது. டப்பாவைத் திறந்து கொட்டியிருக்கிறாள். பென்சில்கள் உருளும் சத்தம்.]

7

நடையில் ஒரு நீளமான பெஞ்சு. குழந்தை என் தோளில். எச்சில் வடிந்துகொண்டே இருந்தது, என் ரவிக்கை தோள்வரை நனைந்துவிட்டது. அவர் படத்தைத் தூக்கி, குழல்விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் காசு கிடைத்தால் பார்ப்பாரே, அதேபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு. அவருக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம். நாலு இருபத்தெட்டு.

"என்ன பாக்கறீங்க?"

"ஓரம் ரெண்டாத் தெரியுது."

"ரெண்டான்னா?"

"வட்டத்துக்குள்ள ஒரு வட்டம். இந்தக் காசுக்கு அப்படி வராதே." படத்தைத் திருப்பிப் பிடித்தார். "படம் அசைஞ்சிருக்கும். பிள்ள துடிச்சதுல்ல?"

"ஆமா, துடிச்சா" என்றேன்.

படத்தை உறைக்குள் போட்டுவிட்டார்.

(முகம் ஏமாற்றும், ஓரம் ஏமாற்றாது. குறிப்பு மூன்று அவர் வாயிலிருந்து நான் எடுத்தது. யாராவது புதிதாகச் சேர்க்க ஆரம்பித்தால் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்.)

அதற்குப் பிறகு பதினோரு நிமிடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு போனார். பக்கத்தில் கைக்கட்டோடு இருந்த ஒருவர், "காசா? என் தம்பி சாவியவே முழுங்கினான், இப்ப அவன் பிள்ளைங்க காலேஜ் போகுது" என்று தைரியம் சொன்னார். சிரித்தோம். நிஜமாகவே சிரித்தோம்.

குழந்தையின் தாடையைத் துடைக்க அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தார். கூடவே ஏதோ விழுந்தது. டிங் என்றது. ஓரத்தில் நின்று உருண்டு நடையைக் கடந்து, எதிர்ச் சுவரில் முட்டிச் சுழன்று விழுந்தது.

சின்ன வெள்ளைக் காசு.

என்னைப் பற்றி இந்தக் கதையில் மறைக்காமல் ஒன்றாவது சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "அட, இங்க இருக்கே! கெடச்சிடுச்சுங்க!" என்று கத்தினேன். தொலைந்தது கிடைத்தால் வருமே, அந்தச் சந்தோஷம். போன் அடித்தபோது கையில் இருந்ததைப் பையில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான், காசு பத்திரம்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காசைப் பார்க்கவில்லை. காசு அங்கே கிடக்கிறதென்றால் குழந்தைக்குள் இருப்பது எது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தராசு" என்றார்.

எனக்கு அதற்கு முன்னாலும் பயம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

8

"காசு இல்ல டாக்டர். பேட்டரி. வட்டப் பேட்டரி. அதுவும் இருபதுதான்."

டாக்டரின் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. ஒரு கையால் படத்தை உருவி விளக்குக்கு நேராகப் பிடித்து, "ஆமா, ரெட்டை ஓரம். பேட்டரிதான்" என்றார், மறு கையால் போனை எடுத்தார். "தியேட்டர் ரெடி பண்ணுங்க. இப்பவே. வயிறு காலியாகட்டும்னு வெயிட் பண்ண வேண்டாம், இப்பவே." பிறகு எங்களிடம் திரும்பினார். "எப்ப முழுங்கினா? சரியாச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பால்கனியில் இருந்தவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

"மூணு பத்து" என்றேன். "இல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்ன. கூப்பிட்டா. நான்" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

"ஒன்றரை மணி நேரம்" என்றார் டாக்டர், எங்களுக்கு இல்லை, தனக்கு.

"பழசு டாக்டர்" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். "தீந்துபோன பேட்டரி. எடுத்துப் போட்டதுதான்."

"தராசுக்குத்தான் தீந்துபோச்சு. பிள்ளையோட தொண்டைக்குத் தீரல. காசுன்னா சும்மா கெடக்கும் சார், இது இருக்கற எடத்த எரிச்சுக்கிட்டே இருக்கும்."

ஐந்து ஐந்துக்கு அவளை என் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. கதவுக்குக் கீழே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. அவர் தரையில் உட்கார்ந்து அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே கதையை நிறுத்தலாம். இந்த வகைக் கதைகளில் ஒன்றுக்கு மூன்று முடிவு கொடுப்பது வழக்கம். கொடுக்கிறேன்.

முடிவு ஒன்று. கதவு திறக்கிறது, டாக்டர் முகக்கவசத்தை இறக்கிச் சிரிக்கிறார், ஒரு கீறல் இல்லை. பொழுதுபோக்குப் பக்கத்துக்கு ஏற்ற முடிவு.

முடிவு இரண்டு. 

(எழுதினேன். நாலு வரி. எழுதியவுடன் எழுந்து போய் வாந்தி எடுத்தேன். தாளைக் குப்பையில் போடவும் பயம், வீட்டில் வைத்திருக்கவும் பயம். அடுப்பில் வைத்து எரித்து, சாம்பலைத் தண்ணீர்விட்டு ஓடவிட்டேன்.)

முடிவு மூன்று, நடந்தது. பேட்டரியை எடுத்துவிட்டார்கள். ஸ்டீல் கிண்ணத்தில் காட்டினார்கள், ஒரு பக்கம் கறுத்திருந்தது. உள்ளே வெந்திருந்தது. ஏழு வாரம் மூக்கில் குழாய். ஆறிய இடம் சுருங்கிப்போய், அதை விரிக்க மூன்று தடவை மயக்கம் கொடுத்தார்கள். நான்காவது தடவையும் வரலாம், வராமலும் போகலாம். "வளர வளரத்தான் தெரியும்" என்கிறார்கள். இப்போது அவளுக்கு நாலரை வயது. குரல் கொஞ்சம் கம்மியிருக்கும், சளி பிடித்ததுபோல. ஒவ்வொரு வாய்ச் சாப்பாட்டையும் அவள் விழுங்கும்போது நானும் விழுங்குகிறேன். என் தட்டில் ஒன்றும் இருக்காது.

டப்பாச் சத்தம் அவளுடையது. டப்பாவும் அதே பிஸ்கட் டப்பாதான். அவள் விடமாட்டேன் என்றாள். காசுக்குப் பதிலாக உள்ளே பென்சில் போட்டிருக்கிறேன், எல்லாம் நீளப் பென்சில்; அரையடிக்குக் குறைந்தால் எடுத்துவிடுவேன். குலுக்கிக்கொண்டே இரு, அம்மாவுக்கு அந்தப் பாட்டு பிடிக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

[குலுங்குகிறது.]

9

ஆல்பத்தை அவர் பரணில் போட்டுவிட்டார். "சில்லறை" என்று இப்போது கூப்பிடுவதில்லை. வாசலில் நின்று சத்தமும் போடுவதில்லை. நேராக உள்ளே வந்து, அவள் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

குறிப்பு ஐந்துக்கு அட்டைச் சதுரத்தின் அளவு தேவைப்பட்டது. போன வாரம் ஆல்பத்தை இறக்கினேன். கடைசிப் பக்கத்தில் அந்தச் சின்ன வெள்ளைக் காசு. ஆஸ்பத்திரித் தரையிலிருந்து எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. அட்டையில் வருடம் எழுதும் இடத்தில் வருடம் இல்லை. அவருடைய சின்னக் கையெழுத்தில் 4.28 என்று இருந்தது.

காசு கீழே விழுந்தது நாலு முப்பத்தொன்பதுக்கு. நாலு இருபத்தெட்டு, அவர் ஓரத்தைப் பார்த்த நேரம்.

ஆக, அந்தப் பதினோரு நிமிடத்தை அவர் இரண்டு வருடமாக வைத்திருக்கிறார். என்னிடம் சொன்னதில்லை. மூன்று பத்துக்கு முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நானும் அவரிடம் சொன்னதில்லை. "அவ கூப்பிட்டப்ப நீ என்ன பண்ணிட்டிருந்தே?" என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. "அசைஞ்சிருக்கும்னு ஏன் சொன்னீங்க?" என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டி வருமே என்று இருவருக்கும் பயம். ஒரே வீட்டில், ஒரே குழந்தையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு செல்லாக்காசை மறைத்து வைத்திருக்கிறோம். அவருக்கு ஓர் அட்டையாவது இருந்தது. எனக்கு இந்தக் கதைதான். இதை அந்த ஆல்பத்துக்குள் வைத்துவிடப் போகிறேன். அவர் எப்போதாவது பரணிலிருந்து இறக்கினால் படிப்பார்.

உதவி ஆசிரியர் நேற்று மறுபடியும் போன் செய்தார். "நாலாவது குறிப்பு வரலையே மேடம்? அத எடுத்துட்டு அஞ்சாப் போட்டுடலாமா?"

"கூடாது" என்றேன். அனுப்பிவிட்டேன்:

குறிப்பு நான்கு. தராசு வாங்கினால், பேட்டரி மூடிக்குத் திருகு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய பேட்டரி கையில் இருக்கும்போது போனை எடுக்காதீர்கள், யாருக்கும் பதில் சொல்லாதீர்கள், முதலில் அதை ஒட்டும் டேப்பில் சுருட்டி வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். குழந்தை எதையாவது முழுங்கியிருந்தால், அது காசுதான் என்று யாரிடமும் உறுதியாகச் சொல்லாதீர்கள், அது வெளியே வந்து கையில் எடுத்துப் பார்க்கும்வரை. குழந்தை கூப்பிட்டால்

இதற்கு மேல் அவர் வெட்டிக்கொள்ளட்டும்.

உங்களுக்கு ஒரு முடிவு பாக்கி. மழை வரும் என்று சொன்னவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் போய்விட்ட பிறகு அவள் மட்டும் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எழுதியாகிவிட்டது, நல்ல வரிதான். அதன் பின்பாதியை அடித்துவிட்டு முன்பாதியை மட்டும் இங்கே வைத்திருக்கிறேன். மீதியை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவசரம் இல்லை. யாரும் உங்களைக் கூப்பிடாத நேரமாகப் பார்த்து முடித்துக்கொள்ளுங்கள்.

[டப்பாச் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகிறது.]

[படம் வரைகிறாளாக இருக்கும். இந்த ஒரு வரியை முடித்துவிட்டுப் போய்ப்